சாய்ந்த கோட்டின் உண்மை நீளம்

(இளங்கலை மூன்றாம் ஆண்டு, கணிதவியல்)

கணிப்பொறித் திரையில் ஒரு சாய்ந்த கோடு வரைய வேண்டுமா? இன்றைய மாணவனுக்கு அது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருளில் தொடக்கப் புள்ளியைக் காட்டிவிட்டு, நீளம் 100 அலகு, கோணம் 30 பாகை என்று தட்டினால் போதும். கோடு வந்து நிற்கும். வலப்புறம் நோக்கிய கிடைக்கோட்டிலிருந்து இடஞ்சுழியாக அந்தக் கோணம் அளக்கப்படுகிறது. அதே கோட்டை வேறு விதமாகவும் வரையலாம். வலப்புறம் 86.6 அலகு, மேற்புறம் 50 அலகு என்று கொடுத்தாலும் ஏறக்குறைய அதே முனையில்தான் கோடு முடியும். கவராயமும் வேண்டாம், பாகைமானியும் வேண்டாம், மூலைமட்டமும் வேண்டாம்.

ஆனால் இந்த எளிமையெல்லாம் ஒரே தளத்தில் கிடக்கும் கோட்டுக்குத்தான். ஓட்டு வீட்டுக் கூரையின் மூலையில் சரிந்து இறங்கும் கைமரத்தை நினைத்துப் பாருங்கள். அது தரைக்கும் இணையாக இல்லை. எந்தச் சுவருக்கும் இணையாக இல்லை. மேலிருந்து பார்த்தால் அது குட்டையாகத் தெரியும். முன்னாலிருந்து பார்த்தாலும் உள்ளதைவிடக் குட்டையாகத்தான் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே கதைதான். ஆனால் தச்சருக்கு மரத்தை அறுக்க வேண்டியது உண்மை நீளத்தில் அல்லவா? வரைபடத்தில் தெரியும் நீளத்தை நம்பி அறுத்தால் மரம் பாழாகும், கூரையும் நில்லாது.

விண்வெளியில் சாய்ந்து நிற்கும் ஒரு கோட்டின் உண்மை நீளத்தையும் உண்மைக் கோணத்தையும் தட்டையான தாளிலிருந்தே கண்டறிய ஒழுங்கான ஓர் இயலை வகுத்துத் தந்தவர் பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை கஸ்பார் மோன்ஜ். அவருடைய வாழ்க்கையும் ஒரு சாய்ந்த கோடு போன்றதே. அவரை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கும் அவருடைய முழு அளவு எளிதில் தெரியவில்லை. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

இளமைப் பருவம்

1746ஆம் ஆண்டு மே மாதம், பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் போன் என்னும் சிற்றூரில் மோன்ஜ் பிறந்தார். தந்தையார் ஜாக் மோன்ஜ் ஒரு சிறு வணிகர். பெரும் செல்வமோ குலப்பெருமையோ அவருக்கு இல்லை. ஆனால் மக்களுக்குக் கல்வியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற உறுதி மட்டும் குறைவின்றி இருந்தது. அவருடைய ஆண்மக்கள் மூவருமே பிற்காலத்தில் கணித ஆசிரியர்கள் ஆயினர் என்றால், அந்தத் தந்தையின் உழைப்பு வீண்போகவில்லை என்பது விளங்கும்.

சிறுவன் கஸ்பார் உள்ளூரிலேயே கிறித்துவத் துறவியர் நடத்திய பள்ளியில் பயின்றான். படிப்பில் மட்டுமன்றிக் கைவேலையிலும் கெட்டிக்காரன். பதினான்கு வயதில் தீயணைக்கும் நீர்ப்பொறி ஒன்றைத் தானே செய்தான் என்று கூறுவர். மனத்தில் தோன்றிய வடிவத்தைக் கையால் செய்து காட்டும் இந்தத் திறமைதான் பின்னாளில் அவருடைய கணிதம் முழுவதற்கும் அடிப்படையாக அமைந்தது.

1762இல் மேற்படிப்புக்காக லியோன் நகரம் சென்றார். அங்கே மாணவராக இருக்கும்போதே இயற்பியல் கற்பிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1764இல் ஊருக்குத் திரும்பியதும், போன் நகரத்தின் பெரிய வரைபடம் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கினார். அளவைக் கருவிகள் கைவசம் இல்லை. தேவையானவற்றைத் தாமே செய்துகொண்டார். அளக்கும் முறைகளையும் தாமே வகுத்துக்கொண்டார். தெருத் தெருவாக அளந்து முடித்த அந்த வரைபடம் ஓர் இராணுவப் பொறியியல் அதிகாரியின் கண்ணில் பட்டது. இளைஞரின் திறமையை உணர்ந்த அவர், மெசியேர் நகரில் இருந்த அரச இராணுவப் பொறியியல் பள்ளிக்கு மோன்ஜைப் பரிந்துரைத்தார்.

கதவுக்கு வெளியே

மெசியேர் பள்ளி அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே புகழ்பெற்ற பொறியியல் பள்ளிகளுள் ஒன்று. பத்தொன்பது வயது மோன்ஜ் எத்தகைய கனவுகளோடு அங்கே போயிருப்பார் என்பதை, வீட்டிலிருந்து முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த நம்மில் ஒவ்வொருவரும் உணரலாம். ஆனால் அங்கே ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. அதிகாரிகளாகப் பயிற்சி பெறும் மாணவர் வகுப்பில் சேர உயர்குடிப் பிறப்பு வேண்டும். சிறு வணிகரின் மகனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

அவருக்குக் கிடைத்தது வரைவாளர் வேலை. பள்ளியின் ஒரு பகுதியில் கட்டட வேலைக்கு வேண்டிய வரைபடங்களையும், கற்களை எப்படிச் செதுக்க வேண்டும் என்பதைக் காட்டும் சாந்து மாதிரிகளையும் செய்து வந்தனர். அந்தப் பகுதிக்கு வழங்கிய பெயரே சாந்து குழைப்பதைக் குறிப்பது. அதிகார மாணவர்கள் அதனை இளக்காரமாகவே பார்த்தனர். மோன்ஜ் அங்கே அமர்ந்து வரைந்தார். சாந்து வடிவங்களைச் செய்தார். தம்முடைய கைத்திறமையை மட்டும் மதித்து, அறிவை மதிக்காத நிலை அவர் உள்ளத்தை வருத்தியது.

ஆயினும் அந்த இடம் அவருக்கு ஒரு நன்மையும் செய்தது. ஒரு வளைவு வாயிலுக்கான கல்லைத் தாளில் வரைவதும், அதே கல்லைச் சாந்தில் வடிப்பதும் ஒரே கூடத்தில் நடந்தன. தட்டையான கோட்டுக்கும் திண்மையான பொருளுக்கும் உள்ள உறவை நாள்தோறும் கண்ணாலும் கையாலும் பழகும் வாய்ப்பு, கதவுக்கு உள்ளே இருந்தவர்களைவிட வெளியே இருந்த அவருக்கே மிகுதியாகக் கிடைத்தது.

ஒரு கோட்டையும் ஒரு கணக்கும்

ஓராண்டு அளவில் அவருக்கு ஒரு பணி வந்தது. ஒரு கோட்டையைத் திட்டமிட வேண்டும். சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் பகைவர் நின்றாலும், கோட்டைக்கு உள்ளே இருப்பவர்களை அவர்கள் காணவும் கூடாது, சுடவும் கூடாது. அதற்குச் சுவர்கள் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? மேட்டிலிருந்து கோட்டைக்குள் வரும் பார்வை ஒவ்வொன்றும் ஒரு சாய்ந்த கோடு. அந்தக் கோடுகள் அனைத்தும் வீரர்களின் தலைக்கு மேலாகச் செல்ல வேண்டும். சுவரை அளவுக்கு மீறி உயர்த்தினால் பொருட்செலவு, குறைத்தால் உயிர்ச்சேதம்.

அதுவரை இருந்த வழக்கப்படி, ஒவ்வொரு புள்ளிக்கும் நீண்ட எண் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பார்கள். அது பல நாள் வேலை. மோன்ஜ் அந்தக் கணக்குகளைப் போடவில்லை. வரைபடத்திலேயே சில கோடுகளை வரைந்து விடையைக் கண்டறிந்து, மிக விரைவில் அதிகாரியிடம் கொண்டு சென்றார். அதிகாரியோ அதனைப் பார்க்கவே மறுத்தார். இவ்வளவு குறுகிய காலத்தில் இந்தக் கணக்கை யாராலும் முடிக்க இயலாது என்பது அவருடைய முடிவு. மோன்ஜ் விடவில்லை. கணக்கைச் சரிபார்ப்பதற்கு முன் தம்முடைய முறையைப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பார்த்தபோது அது சரியாக இருந்தது. அந்த நாளிலிருந்து அந்தப் பள்ளியில் அவருடைய நிலை மாறியது.

மோன்ஜின் முறை

அந்த முறையைப் புரிந்துகொள்ள ஒரு புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். புத்தகத்தைப் பாதி திறந்து, ஒரு பக்கத்தை மேசைமேல் கிடத்துங்கள். மறுபக்கத்தை நேராக நிறுத்துங்கள். கிடக்கும் பக்கம் தரை. நிற்கும் பக்கம் சுவர். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு. இவற்றுக்கு நடுவில் பென்சிலைச் சாய்வாகப் பிடியுங்கள். பென்சிலின் இரு முனைகளிலிருந்தும் தரைக்கு நேர் கீழாக இறங்கினால் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். அவற்றைச் சேர்த்தால் மேல்தோற்றம். அதே முனைகளிலிருந்து சுவருக்கு நேராகச் சென்றால் மேலும் இரண்டு புள்ளிகள். அவற்றைச் சேர்த்தால் முன்தோற்றம். இப்போது பென்சிலை எடுத்துவிட்டு, நிற்கும் பக்கத்தை மெல்லப் பின்னால் சாய்த்துத் தரையோடு தரையாக விரியுங்கள். இரு தோற்றங்களும் ஒரே தாளில் வந்துவிட்டன! பென்சில் அங்கே இல்லை. ஆனால் அது எங்கே, எப்படிச் சாய்ந்து நின்றது என்பதை அந்த இரண்டு கோடுகளிலிருந்து துல்லியமாக மீட்டுவிடலாம்.

மேல்தோற்றம், முன்தோற்றம் ஆகியவற்றை மோன்ஜ் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கல்தச்சர்களும் மரத்தச்சர்களும் அவற்றை நூற்றாண்டுகளாகக் கையாண்டு வந்தனர். ஓவியர் டியூரர் அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார். பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரேசியே கல் செதுக்கும் கலையைப் பற்றிப் பெரிய நூலே எழுதியிருக்கிறார். ஆனால் அவையெல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சூத்திரமாகச் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சில பொது விதிகளுக்குள் கொண்டுவந்து ஓர் இயலாக்கியதே மோன்ஜின் சாதனை. அதுவே விவரண வடிவகணிதம் என வழங்கும் துறை.

உண்மை நீளம் காணும் வழியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். நம் பென்சிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை, சுவரை ஒட்டிய திசையில் 3 சென்டிமீட்டரும், சுவரைவிட்டு விலகும் திசையில் 4 சென்டிமீட்டரும், உயரத்தில் 12 சென்டிமீட்டரும் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். மேல்தோற்றத்தில் அதன் நீளம் 5. முன்தோற்றத்தில் 12.4. பக்கத்தோற்றத்தில் 12.6. ஆனால் பென்சிலின் உண்மை நீளமோ 13! மூன்று பக்கமும் பார்த்தாயிற்று. மூன்றில் ஒன்றுகூட உண்மையைச் சொல்லவில்லை. கோணமும் அப்படியே. முன்தோற்றத்தில் பென்சில் தரையோடு 76 பாகை கோணத்தில் நிற்பது போலத் தெரியும். பக்கத்தோற்றத்தில் 71.6 பாகை. உண்மையான சாய்வு 67.4 பாகைதான்.

உண்மையை எப்படிக் காண்பது? பென்சிலின் கீழ்முனையை அசைக்காமல், சாய்வை மாற்றாமல், அது சுவருக்கு இணையாக வரும்வரை சுழற்ற வேண்டும். அப்படிச் சுழற்றும்போது மேல்தோற்றத்தின் நீளமான 5 மாறுவதில்லை. உயரமான 12 மாறுவதில்லை. இப்போது முன்தோற்றத்தை வரைந்தால், அடி 5, உயரம் 12 கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணமாக 13 வந்து நிற்கும். உண்மைக் கோணமும் அங்கேயே தெரியும். தாளில் இதற்குத் தேவைப்படுவது கவராயத்தால் ஒரு வில்லும், மூலைமட்டத்தால் இரண்டு கோடுகளும் மட்டுமே. பைதாகரசின் தேற்றத்தை ஒருமுறைகூடக் கணக்கிடாமல் ஒரு கொத்தனார் இதைச் செய்துவிடலாம். அதுவே இதன் பெருமை.

பூட்டி வைத்த அறிவு

பயன் மிகுந்த இந்த முறையை நாட்டுக்கெல்லாம் பரப்பியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. பகை நாட்டார் அறிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக, அது இராணுவ இரகசியமாகப் பூட்டி வைக்கப்பட்டது. மெசியேர் பள்ளிக்கு வெளியே அதனைக் கற்பிக்கத் தடை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் மோன்ஜ் தம்முடைய சொந்தக் கண்டுபிடிப்பை வெளியில் பேச முடியாதவராக இருந்தார்.

அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. 1769இல் மெசியேரில் கணிதப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். பின்னர் இயற்பியலும் கற்பித்தார். எந்த வகுப்புக்குள் மாணவராக நுழையத் தகுதியில்லை என்றார்களோ, அதே வகுப்பில் ஆசிரியராக நின்றார். வளைந்த பரப்புகளைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிகள் கணித உலகின் கவனத்தை ஈர்த்தன. 1777இல் கேத்தரின் என்னும் இளம் கைம்பெண்ணை மணந்தார். 1780இல் பாரிசிலுள்ள அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். 1783இல் நீர் என்பது இருவேறு வாயுக்களின் சேர்க்கை என்பதைத் தாமே ஆய்வு செய்து கண்டவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டில் கடற்படை மாணவர்களின் தேர்வாளராக நியமிக்கப்பட்டு, 1784இல் மெசியேரை விட்டு விலகினார்.

புரட்சியும் புதிய பள்ளியும்

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கும் முறையால் தாமே வருந்தியவர் ஆதலின், மோன்ஜ் புரட்சியை முழு மனத்தோடு வரவேற்றார். புதிய எடை, அளவை முறைகளை வகுத்த குழுவில் பணியாற்றினார். இன்று நாம் பயன்படுத்தும் மீட்டரும் கிலோகிராமும் அந்த முயற்சியின் பயன்களே. 1792 ஆகஸ்டு முதல் 1793 ஏப்ரல் வரை கடற்படை அமைச்சராகவும் இருந்தார். ஆனால் அரசியல் அவருக்கு ஏற்ற துறையாக அமையவில்லை, விரும்பியே விலகினார்.

அப்போது பல நாடுகள் ஒன்றுசேர்ந்து பிரான்சைத் தாக்கின. வெடிமருந்து இல்லை, பீரங்கிக்கு உலோகம் இல்லை. அறிஞர்கள் பட்டறைகளுக்குச் சென்றனர். மோன்ஜ் வார்ப்படச் சாலைகளைச் சுற்றி வந்து தொழிலாளர்களுக்கு வழிகாட்டினார். பீரங்கி செய்யும் கலையைப் பற்றி 1794இல் ஒரு நூலும் எழுதினார். நாட்டுக்குத் தேவை சில அறிஞர்கள் மட்டும் அல்லர், வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் பொறியாளர்களும் வேண்டும் என்பதை அந்தப் பட்டறைகளில்தான் அவர் உறுதியாக உணர்ந்தார்.

அந்த எண்ணத்தின் விளைவாக எழுந்ததே 1794இல் தொடங்கப்பட்டு, 1795இல் எகோல் பாலிடெக்னிக் எனப் பெயர் பெற்ற புகழ்மிக்க பல்தொழில் பள்ளி. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் மோன்ஜ். போட்டித் தேர்வில் வென்றவர்க்கே இடம், பிறப்பு கேட்கப்படவில்லை. தொடக்கத்தில் மாணவர்களுக்கு உதவித்தொகையும் வழங்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தமக்கு மூடப்பட்ட கதவை, மற்றவர்களுக்காகத் தம் கையாலேயே அவர் திறந்துவிட்டார் எனலாம்.

1795ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கப் பாரிசில் திறக்கப்பட்ட எகோல் நார்மல் பள்ளியில் மோன்ஜ் விவரண வடிவகணிதத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். நாடெங்கிலுமிருந்து வந்திருந்த பெருங்கூட்டம் அதைக் கேட்டது. இலக்ராஞ்சும் இலாப்லாசும் அதே மேடையில் கற்பித்தனர். கேட்டவர்களுள் பிற்காலத்தில் புகழ்பெற்ற ஃபூரியேயும் ஒருவர். பூட்டி வைத்த இரகசியம் அன்று பொதுச் சொத்தாயிற்று. அந்த உரைகள் எழுத்தில் எடுக்கப்பட்டு அச்சாயின. 1799இல் தனி நூலாகவும் வெளிவந்தன.

வகுப்பில் மோன்ஜின் கைகள் இரண்டும் பேசும் என்பார்கள். ஒரு பரப்பு வளைவதையும் இரு பரப்புகள் வெட்டிக்கொள்வதையும் அவர் வெறுங்காற்றில் கைகளால் காட்டும்போது, மாணவர்கள் அந்த வடிவங்களைக் கண்முன் கண்டனர். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரான பொன்செலே, 1812இல் நெப்போலியனின் படையோடு உருசியா சென்று சிறைப்பட்டார். கையில் ஒரு நூலும் இல்லாத அந்தச் சிறைவாழ்வில், தாம் கற்ற வடிவகணிதத்தை நினைவிலிருந்தே மீட்டெழுதி, அதிலிருந்து ஒரு புதிய வடிவகணிதத்துக்கே வித்திட்டார். நல்லாசிரியரின் பாடம் சிறைக்குள்ளும் உடன்வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பேரரசரின் நண்பர்

1796இல் இத்தாலியில் இளம் தளபதி நெப்போலியனோடு மோன்ஜுக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. வென்ற நாட்டின் கலைச்செல்வங்களைத் தேர்ந்து பிரான்சுக்கு அனுப்பும் குழுவில் அப்போது அவர் இருந்தார். அவர் வாழ்வில் நாம் பாராட்ட இயலாத பணி அது. 1798இல் நெப்போலியனோடு எகிப்து சென்றார். கெய்ரோவில் நிறுவப்பட்ட எகிப்துக் கழகத்துக்கு அவரே தலைவர். நெப்போலியன் துணைத் தலைவர். பாலைவனத்தில் தாகத்தோடு நடந்த வீரர்களுக்குத் தொலைவில் நீர்நிலை தெரிந்து, நெருங்கியதும் மறைந்தது. கொதிக்கும் மணலை ஒட்டிய காற்றடுக்குகளில் ஒளிக்கதிர் வளைந்து வருவதே அந்தக் கானல்நீருக்குக் காரணம் என்று மோன்ஜ் விளக்கினார். கண் காண்பது ஒன்று, உண்மை வேறொன்று என்பதை ஆராய்வதே அவருக்கு வாழ்நாள் வேலையாக அமைந்ததுபோலும்!

நாடு திரும்பியபின் பதவிகள் தேடி வந்தன. செனட் உறுப்பினர், 1806இல் அதன் தலைவர், 1808இல் பிரபு பட்டம். உயர்குடிப் பட்டங்களை ஒழிக்க எழுந்த புரட்சியின் தொண்டர் தாமே ஒரு பட்டத்தை ஏற்றது முரண்பாடுதான். ஆயினும் பல்தொழில் பள்ளியை அவர் மறக்கவில்லை. பேரரசர் அங்கே கட்டணம் விதித்தபோது, ஏழை மாணவர்கள் வெளியேற நேருமே என்று வருந்தி, அப்பள்ளியிலிருந்து தமக்கு வரவேண்டிய தொகையை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். உடல்நலம் குன்றியதால் 1809இல் கற்பிப்பதை நிறுத்திக்கொண்டார்.

இறுதி நாட்கள்

1815இல் நெப்போலியன் வீழ்ந்தார். மீண்டும் மன்னராட்சி வந்தது. நண்பர் உயரத்தில் இருந்தபோது சேர்ந்திருந்தவர்கள் பலர் கட்சி மாறினர், மோன்ஜ் மாறவில்லை. அதன் விலையை அவர் கொடுத்தார். 1816இல் அறிவியல் கழகத்திலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. கணிதத்தில் அவருடைய தகுதி ஒரு மயிரிழையும் குறையவில்லை. ஆனால் ஆட்சியாளர் பார்த்த பக்கத்திலிருந்து அவர் மீண்டும் குட்டையாகத் தெரிந்தார். அதே ஆண்டில் அவர் உயிராகக் கருதிய பல்தொழில் பள்ளியும் மூடப்பட்டு, மாணவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் அது திறக்கப்பட்டாலும், நோயுற்றிருந்த முதியவரின் உள்ளம் தேறவில்லை. 1818ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் பாரிசில் காலமானார்.

அடக்கத்துக்குச் செல்லப் பல்தொழில் பள்ளி மாணவர்கள் அனுமதி கேட்டனர். அனுமதி மறுக்கப்பட்டது. மாணவர்கள் கட்டுப்பாட்டை மீறவில்லை. ஆசிரியரை மறக்கவும் இல்லை. அடுத்த விடுமுறை நாளில் அனைவரும் ஒன்றாகக் கல்லறைக்கு நடந்து சென்று மலர்வளையம் வைத்தனர். அவருடைய முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டி நினைவுச்சின்னம் எழுப்பினர். 1849இல் சிற்பி ரூட் செதுக்கிய சிலை அவருடைய சொந்த ஊரில் நிறுவப்பட்டது. புரட்சியின் இருநூறாம் ஆண்டான 1989இல், நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு அவருடைய எச்சங்கள் மரியாதையோடு கொண்டு செல்லப்பட்டன.

இன்றும் அவரே

மோன்ஜின் முறை உலகெங்கும் பரவியது. பல்தொழில் பள்ளியில் பயின்ற குரோசே அதனை அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரிக்குக் கொண்டு சென்று, 1821இல் ஆங்கிலத்தில் பாடநூல் எழுதினார். நம் நாட்டுப் பொறியியல் மாணவர்கள் முதலாண்டில் போராடும் முதற்கோண முறை வரைபடமும் அந்தப் பாதி திறந்த புத்தகம்தான்.

1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து, ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரையும் ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலை உருவாக்கினார். அதே ஆண்டில் அங்கேயே திமோத்தி ஜான்சன் அதனை முப்பரிமாணத்துக்கு விரிவாக்கினார். அவருடைய திரையில் நான்கு கட்டங்கள்: மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம், முழுத்தோற்றம். ஒன்றில் கோட்டை இழுத்தால் மற்றவையும் உடனே மாறும். மோன்ஜ் தாளில் விரித்த புத்தகம் மின்னணுத் திரையில் மீண்டும் விரிந்தது! 1982இல் ஆட்டோகேட் வந்தபின் அத்தகைய வரைவு மேசைக் கணிப்பொறிக்கும் வந்தது.

இன்று மென்பொருளிடம் கேட்டால் சாய்ந்த கோட்டின் உண்மை நீளத்தை அதுவே சொல்லிவிடும். ஆனால் கேட்கத் தெரிய வேண்டுமே! மேல்தோற்றத்தில் தெரியும் 5ஐ அளந்து எழுதிவிட்டு, 13 நீளமுள்ள கம்பியை 5க்கு வெட்டச் சொன்னால் இயந்திரம் மறுக்காமல் வெட்டிவிடும். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதை அறியாதவனைக் கணிப்பொறியும் காப்பாற்றாது.

நண்பர்களே, நம் கல்லூரிக்குச் சிற்றூர்களிலிருந்தும் சிறு வணிகர், உழவர், கூலித் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் வருவோர் பலர். நம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்ற நிலையில் இருப்போரும் உண்டு. எங்கேனும் ஒரு கதவு மூடியிருக்கக் கண்டால், சாந்துக் கூடத்தில் அமர்ந்து வரைந்துகொண்டிருந்த அந்த இளைஞரை நினைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்து நம்மை அளப்பவர்களின் அளவு நம் உண்மை நீளம் அன்று. நாமும் சக மாணவர் ஒருவரை அவ்வாறு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து அளந்துவிடாதிருப்போமாக. சற்றே சுழற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது வடிவகணிதத்துக்கு மட்டும் உரிய பாடம் அன்று.